கோடு விழாத சேலை

சங்கரன்கோவிலில் லாரி ஓட்டுநர் இசக்கித்துரையின் மூச்சு உறக்கத்தில் நின்றபோதெல்லாம் அவர் குடியிருந்த தெருவின் விசைத்தறிகள் அனைத்தும் நின்றன. மூச்சு திரும்பியதும் அவை ஓடின. கொரோனா ஊரடங்கு தளர்ந்த ஆண்டில் தொடங்கிய இந்நிகழ்ச்சி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்தது. அத்தெருவில் நாற்பது தறிகள் இருந்தன. அவை நின்ற வேளைகளில் மின்சாரம் குறையவில்லை. வீடுகளில் மின்விசிறி சுழன்றது, கிரைண்டரில் மாவு அரைபட்டது, தொலைக்காட்சியில் தொடர்கள் இடையூறின்றி நடந்தன. தறிகள் மட்டுமே நின்றன. அவை நின்ற நேரம் எப்போதும் ஒரே அளவினதாக இருக்கவில்லை. சில வேளை இருமி முடிக்கும் நேரம், சில வேளை ஒரு குடம் நிறையும் நேரம்.

விசைத்தறி என்பது நீளவாக்கில் கட்டிய பாவு நூலின் ஊடே, குறுக்கு நூல் சுமந்த நாடாவை மின்விசையால் இடமும் வலமும் எறிந்து துணி நெய்யும் பொறியாகும். ஓடுகின்ற தறி இடையில் நின்று மீண்டும் ஓடுமாயின், நின்ற இடத்தில் துணியின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழும். அக்கோட்டைச் சலவையாலோ இஸ்திரியாலோ நீக்க இயலாது. கோடு விழுந்த சேலையை மொத்த வியாபாரி முதல் தரமாக ஏற்பதில்லை. செகண்ட்ஸ் என்று தள்ளிவிடுவார். ஆதலின் தறி நிற்பது தெருவாருக்குச் சிறிய செய்தி அன்று.

அத்தெருவாரின் உறக்கத்தைப் பற்றியும் இவ்விடத்தில் கூறுதல் வேண்டும். பிற ஊர்களில் மக்கள் ஓசை கேட்டு விழிப்பர். இத்தெருவில் ஓசை நின்றால் விழிப்பர். குழந்தைகளுக்குத் தறிக்கூடத்தின் விட்டத்திலேயே தொட்டில் கட்டுவது வழக்கம். தறி ஓடும்வரை குழந்தை உறங்கும். தறி நின்ற கணத்தில் வீறிட்டு அழும். உறங்குபவரை எழுப்ப விரும்பினால் எவரும் அவரைத் தட்டுவதில்லை, பெயர் சொல்லி அழைப்பதுமில்லை; சென்று சுவிட்சை அணைப்பர். இத்தெருவுக்கு மருமகளாக வந்த பெண்கள் முதல் மாதம் உறக்கமின்றிக் கண் சிவந்து திரிவர். அதன்பின் தாய்வீட்டுக்குச் சென்றால் அங்குள்ள அமைதியைத் தாங்க மாட்டாமல் இரண்டாம் நாளே திரும்பிவிடுவர். ஊரடங்கின்போது தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அவ்வளவு காலமும் தெரு முழுவதும் விழித்திருந்தது. அதுவரை மாத்திரை உண்ணாதவர்கள் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்ணத் தொடங்கினர். சர்க்கரை ஏறியது, பெரியவர்களுக்கு நெஞ்சு படபடத்தது. தறிகள் மீண்டும் ஓடிய முதல் நாளில் மக்கள் நின்ற இடத்திலேயே உறங்கினர். குழாயடியில் குடத்தைப் பிடித்தவர் பிடித்தபடியே உறங்க, நீர் வழிந்து தெருமுனைவரை சென்றது. தறி ஓட்டியவர்களும் உறங்கினர். எனினும் அன்று நெய்த துணியில் குறையேதும் காணப்படவில்லை.

இசக்கித்துரைக்கு அப்போது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பருத்த உடலும் குறுகிய கழுத்தும் உடையவர். மாலையில் புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை மூடைகளை ஏற்றி, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குக் கொண்டுசென்று, மறுநாள் முற்பகலில் திரும்புவார். நண்பகலில் உண்டு, பொழுது சாயும்வரை உறங்குவார். அவர் மனைவி சுமதி, எதிர்வரிசையில் இருந்த மம்மதுவின் தறிக்கூடத்தில் இரண்டு தறிகளை ஓட்டினாள். தறிகள் நிற்பதன் காரணத்தை முதலில் அறிந்தவள் அவளே. தறிகள் ஓடும்போது அவரது குறட்டை எவர் காதிலும் விழாது. அவை நின்று தெரு அமைதியடைந்த பின், முதலில் எழும் ஓசை எப்போதும் எதிர்வீட்டுச் சன்னலிலிருந்தே வந்தது. நீருக்குள் அமிழ்ந்திருந்தவன் தலையை வெளியே நீட்டி மூச்சை இழுக்கும் ஓசை அது. அது கேட்டதும் தறிகள் ஓடும். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்னும் அச்சத்தால் அவள் இதை எவரிடமும் கூறவில்லை. பகலில் அவர் உறங்கும்போது நாடாவின் மேல் கண்ணும் சன்னலின் மேல் காதுமாக இருந்தாள். இரவில் அவர் வண்டி ஓட்டும்போது கணவாயின் வளைவுகளை எண்ணியபடி படுத்திருந்தாள்.

தெருவார் முதலில் மின்கம்பத்தைச் சந்தேகித்தனர். வயர்மேன் துரைப்பாண்டி பலமுறை ஏறிப் பார்த்தார். ஒருமுறை கம்பத்தின் உச்சியிலிருந்தே அவர் கூறினார்:

“பாய், கரண்ட் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. ஒங்க தறிக்குத்தான் மனசு சரியில்ல.”

“கீழ எறங்கும்வே,” என்றார் மம்மது. “தறிக்கு மனசு இருந்தா அது எனக்கு முந்தியே துபாய்க்குப் போயிருக்கும்.”

பின்னர், நெசவு செய்வோர் கோவிலில் வெள்ளியில் நாக உருவம் வாங்கிச் செலுத்தினர். புற்றுமண்ணைக் கரைத்துத் தறிகளின் நெற்றியில் பூசினர். மம்மது பள்ளிவாசலில் பாத்திஹா ஓதிச் சர்க்கரை வழங்கினார். தறிகள் புற்றுமண் பூசியவாறே நின்றன.

அந்நாட்களில் மருத்துவர் ஆபிதா பானு அத்தெருவுக்கு வந்தார். அவர் கடையநல்லூரைச் சேர்ந்தவர், திருநெல்வேலியில் பணிபுரிந்தார். உறக்கக் கோளாறுகளுக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயநோய் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பைக் குறித்து அவர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஓசை நின்றமையால் ஒரு தெருவே நோயுற்றது என்னும் செய்தி அவரை இங்கே அழைத்து வந்தது. வீடு வீடாகச் சென்று எடையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்தார். தையற்காரரைப் போல அளவு நாடா கொண்டு ஒவ்வொருவர் கழுத்தையும் அளந்தார். பருத்த கழுத்துடையோருக்கு உறக்கத்தில் மூச்சுக்குழல் அடைபடுதல் மிகுதி என்பது மருத்துவ நூல்களின் துணிபாகும்.

“டாக்டரம்மா, காலர் அளவெல்லாம் எடுக்கிய. பெருநாளைக்கு ஆளுக்கொரு சட்டை உண்டுமா?” என்று மம்மது கேட்டார்.

“சட்டை இல்ல மாமா. குறட்டைக்கு அளவு எடுக்கேன்.”

அப்போது லாரியிலிருந்து இறங்கிய இசக்கித்துரை சிரித்தார். “குறட்டை விடுதது ஒரு நோயாம்மா? எங்க அப்பா விட்ட குறட்டையில ஓட்டுல இருந்த அணிலு எறங்கி ஓடும்.”

மருத்துவர் அவர் கழுத்தைச் சுற்றிய நாடாவை எடுக்காமலே கேட்டார்: “அப்பா இப்ப இருக்காகளா அண்ணாச்சி?”

“இல்லம்மா. ராயகிரியில, இந்தா எனக்கு இருக்க வயசுலதான் போனாரு. ஒரு நோவு நொடி இல்ல. மத்தியானம் சாப்ட்டுப் படுத்தாரு, எந்திரிக்கல. நல்ல சாவுன்னு ஊரே சொல்லிச்சு.”

“நல்ல சாவு இல்ல அண்ணாச்சி,” என்றார் மருத்துவர். “எழுப்புததுக்கு ஆளு இல்ல. அவ்வளவுதான்.”

சுமதி தறிக்கூடத்தின் வாயிலில் நின்று இதைக் கேட்டாள். மருத்துவர் மேலும் விளக்கினார்: உறக்கத்தில் தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுவழியை அடைக்கின்றன, ரத்தத்தில் உயிர்வளி குறைகிறது, மூளை அஞ்சி உறங்குபவரை உலுக்கி எழுப்புகிறது, உறங்கியவருக்குத் தாம் எழுந்ததே தெரிவதில்லை. இவ்வாறு பன்முறை நிகழ்வதால் இதயம் களைக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, பகலில் கண் சொருகுகிறது. திருநெல்வேலிக்கு வந்து ஓரிரவு படுத்தால் தலையிலும் மார்பிலும் கம்பிகளை ஒட்டி அளந்துவிடலாம் என்றார். எலுமிச்சை சீசன் முடியட்டும் என்று இசக்கித்துரை விடையளித்தார். சீசன் முடியுமுன் ஆரியங்காவு இறக்கத்தில் அவர் கண் ஒரு கணம் மூடியது. வண்டி சாலையோரக் கல்லில் மோதி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. மூடைகள் அவிழ்ந்து எலுமிச்சம்பழங்கள் மலைச்சாலையில் உருண்டு சென்றன. அவற்றுள் சில மறுநாள் மாலை தாமாகவே புளியங்குடிச் சந்தைக்கு வந்து சேர்ந்தன என்று அங்குள்ள வியாபாரிகள் கூறுவர்.

தறிகள் நிற்பதற்கும் இசக்கித்துரையின் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பைத் தெருவாருக்கு வெளிப்படுத்தியவர் துரைப்பாண்டி. லாரி தெருமுனையில் நிற்கும் வேளைகளில் மட்டுமே தம்மைக் கம்பத்தில் ஏறச் சொல்வதை அவர் கவனித்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின், மம்மதுவின் தறிக்கூடத்தில் தறி உடைமையாளர்கள் கூடினர். எதிர்வீட்டில் இசக்கித்துரை உறங்கிக்கொண்டிருந்தார். தறிகள் நின்றன; கூடியிருந்தோர் அனைவரும் சன்னலைப் பார்த்தனர்; மூச்சை இழுக்கும் ஓசை கேட்டது; தறிகள் ஓடின. இரண்டாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தபின் ஐயப்பட ஒன்றுமில்லை. எட்டுத் தறிகளுக்கு உடைமையாளரான நல்லக்கண்ணு எழுந்து, தறியின் இரைச்சலுக்கு மேலாகச் சத்தமிட்டுப் பேசினார்.

“அவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா அவரு ஒருத்தரு மூச்சுக்கு எங்க அத்தன சேலையும் செகண்ட்ஸ் ஆவுது. அவரு வேற எங்கனயாவது உறங்கட்டும்வே. லாரியிலயே உறங்கலாம்லா?”

“ஆள எழுப்பிப் பேசுவோம்,” என்றார் மம்மது. அவர் சுவிட்சை அணைத்தார். இசக்கித்துரை எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். செய்தியைக் கேட்டதும் அவர் வாதிடவில்லை. தம் உறக்கம் பிறர் தொழிலைக் கெடுத்தது என்பதில் அவருக்கு அளவிறந்த வெட்கம் உண்டாயிற்று.

“எனக்குத் தெரியாது பாய். சத்தியமாத் தெரியாது. ராயகிரியில எங்க அக்கா வீடு இருக்கு. மத்தியானம் அங்கன போய் உறங்கிக்கிடுதேன். புளியங்குடியத் தாண்டிக் கொஞ்ச தூரந்தான்.”

சுமதி தன் தறியை விட்டு வரவில்லை. வாயைத் திறந்தால் வீடு போகும் என்று மூன்று ஆண்டுகளாகக் காத்த மௌனம் அன்றும் அவளை விட்டு நீங்கவில்லை. நூல் அறுந்ததுபோலக் குனிந்து முடிச்சிட்டுக்கொண்டே இருந்தாள்.

அதன்பின் தறிகள் நிற்கவில்லை. துணி பழுதின்றி வளர்ந்தது. நல்லக்கண்ணு தெருவுக்குப் பாயசம் வழங்கினார். துரைப்பாண்டியை எவரும் அழைக்காமையால், அவர் தாமாகவே வந்து கம்பத்தின் அடியில் நின்று நலம் விசாரித்துச் சென்றார். சில வாரங்கள் இவ்வாறு கழிந்தன. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்திய வாரத்தில் ஒருநாள் மதியம், சுமதியின் தறியிலிருந்து வெட்டிய மாம்பழ நிறச் சேலை ஒன்றை மம்மது வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்; முந்தானை தொடங்கி மறு நுனிவரை ஒரு கோடும் இல்லை. அதை மடித்து அவளிடமே நீட்டினார்.

“இத நீ வச்சிக்க தாயி. ஒம் புருஷன் செஞ்ச ஒதவிக்கு நாங்க வேற என்ன செய்ய? பாத்தியா, ஒரு கோடு உண்டுமா?”

சுமதி சேலையைக் கையில் வாங்கி விரல்களால் தடவினாள். மூன்று ஆண்டுகளாகத் தான் நெய்த ஒவ்வொரு சேலையிலும் அவள் விரல் அக்கோடுகளைத் தொட்டு வந்திருந்தது. கோடு என்பது அவர் மூச்சு நின்ற இடம் என்றே தெருவார் அனைவரும் எண்ணினர். அவளும் அவ்வாறே எண்ணியிருந்தாள். இப்போது அது பிழை என்பது அவளுக்கு விளங்கியது. தறி நின்றதால் கோடு விழவில்லை. நின்ற தறி மீண்டும் ஓடியதால் விழுந்தது. ஒவ்வொரு கோடும் அவர் திரும்பி வந்த இடம். தறி நின்றது, அமைதி உண்டாயிற்று, அமைதியில் இத்தெரு மனிதர் எவரும் விழிப்பர், அவரும் விழித்தார். நாற்பது தறிகளும் இத்தனை காலம் நின்று நின்று அவரை எழுப்பியிருந்தன. ராயகிரியில் தறி இல்லை. அவர் தந்தையும் அவ்வீட்டிலேயே மதியம் உண்டு படுத்தார்.

அவள் தன் இரு தறிகளையும் ஓடவிட்டுவிட்டு வெளியேறினாள். ஓடும் தறியை விட்டு நெசவாளி வெளியேறுதல் அத்தெருவில் அதற்குமுன் நிகழ்ந்ததில்லை. மம்மது பின்னாலிருந்து அழைத்ததை அவள் கேட்கவில்லை. கையில் சேலையுடன் சிவகிரிப் பேருந்தில் ஏறி, அங்கிருந்து ஆட்டோவில் ராயகிரியை அடைந்தாள். இசக்கித்துரையின் அக்கா கோமதித்தாய் வாசலில் அமர்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த கட்டடம் பொன்னுச்சாமியின் மாவு மில். அது பேரிரைச்சலுடன் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தது.

“வா சுமதி. சத்தம் போடாத, தம்பி அசந்து உறங்குதான். வந்த அன்னிக்குக் குறட்ட விட்டான். இன்னிக்கு அதுகூட இல்ல, பிள்ள மாதிரி கெடக்கான்.”

உள்ளே இசக்கித்துரை மல்லாந்து கிடந்தார். அவர் உதடுகள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. மார்பு அசையவில்லை. சுமதி அவர் தோளைப் பற்றி உலுக்கினாள். பெயர் சொல்லிக் கூவினாள். மணமான நாள் முதல் அவள் வாயில் வந்திராத பெயர் அது. கன்னத்தில் அறைந்தாள். தண்ணீர் ஊற்றினாள். அவர் விழிக்கவில்லை. உலுக்கினாலும் அழைத்தாலும் அத்தெரு மனிதர் விழிக்கமாட்டார் என்பது அவளுக்கு நினைவு வந்தது. அவள் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அப்பால் மில் இரைந்துகொண்டிருந்தது. அவள் வெளியே ஓடி மில்லுக்குள் புகுந்து, மிளகாய் நெடியில் இருமி நின்ற பெண்களைத் தள்ளிக்கொண்டு சென்று, மெயின் சுவிட்சின் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக் கீழே இழுத்தாள்.

“ஏட்டி, யாருட்டி நீ? மெயின்ல கைய வைக்கிய, கோட்டி பிடிச்சிருக்கா?” என்று பொன்னுச்சாமி கத்தினார்.

“அண்ணாச்சி, ஒங்க கால்ல விழுதேன். ஒரு நிமிசம் பேசாதிய. யாரும் பேசாதிய.”

அவள் முகத்தைக் கண்டு எல்லோரும் வாயடைத்தனர். கல் சுழன்று சுழன்று நின்றது. பெல்ட் தொங்கியது. அமைதி அம்மில்லின் உள்ளே முதலில் நிறைந்து, பின்னர் வாசல் வழியே தெருவில் இறங்கி, கோமதித்தாயின் வீட்டுக்குள் நுழைந்ததை அங்கிருந்தோர் கண்டனர். மிளகாய்த்தூள் படிந்த காற்றில் அது செல்லும் தடம் சிவப்பாகத் தெரிந்தது. அதன்பின் சுவருக்கு அப்பால் மூச்சை இழுக்கும் ஓசை எழுந்தது. ஆழ்கிணற்றிலிருந்து வாளி நீருடன் மேலே வரும் ஓசையை அது ஒத்திருந்தது என்று பொன்னுச்சாமி பின்னாளில் கூறினார். சுமதி சுவிட்சைப் பிடித்தபடியே தரையில் அமர்ந்தாள். அவள் சங்கரன்கோவிலில் ஓடவிட்டுச் சென்ற இரு தறிகளில் மட்டும் அன்று தலா ஒரு கோடு விழுந்திருந்தது. அக்கோடு விரல் அகலம் இருந்தது.

அன்று மாலையே இசக்கித்துரை தம் வீட்டுக்கு அழைத்துவரப்பட்டார். தறி உடைமையாளர்கள் மீண்டும் கூடினர். இம்முறை சுமதி பேசினாள். மூன்று ஆண்டுகளாக அடக்கிய அனைத்தையும், விரல் அகலக் கோட்டைக் காட்டி, அழாமல் கூறினாள்.

“இவுக இங்கனதான் உறங்கணும். ஒங்க தறி நிக்கட்டும். நிக்காட்டி இவுக எந்திரிக்க மாட்டாக. வீட்டக் காலி பண்ணச் சொன்னியன்னா, நான் தறிக்கூடத்து வாசல்ல பாய விரிச்சுப் படுக்க வைப்பேன்.”

மம்மது தம் தாடியைத் தடவிக்கொண்டே நல்லக்கண்ணுவின் பக்கம் திரும்பினார்.

“கோடு விழுந்தா செகண்ட்ஸ்னு விப்போம். ஆளு மவுத்தாப் போனா அத எந்தச் சந்தையில விக்கதுவே?”

“நான் என்ன கொலகாரனா பாய்?” என்றார் நல்லக்கண்ணு. “எனக்கு இது தெரியுமா? உறங்கச் சொல்லுங்க. இப்பமே உறங்கச் சொல்லுங்க.”

அன்றுமுதல் தெருவார் கோட்டை ஏற்றுக்கொண்டனர். மதியவேளையில் தறிகள் நிற்கும்போது நெசவாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றனர். சன்னலில் ஓசை எழுந்ததும், “வந்துட்டாரு” என்று ஒருவர் கூற, வேலை தொடர்ந்தது. மூச்சு வரத் தாமதமாயின் அருகில் இருந்தவர் ஓடிச் சென்று கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவதற்கு உரிமை பெற்றிருந்தார். மொத்த வியாபாரி முணுமுணுத்தார், ஆயினும் வாங்கினார்.

சில வாரங்களில் மருத்துவர் ஆபிதா பானு தாமே வந்து, இசக்கித்துரையைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றார். அங்கே தலையிலும் மார்பிலும் கம்பிகளை ஒட்டி, விரலில் கவ்வி ஒன்றைப் பொருத்தி, மின்விசிறியின் இரைச்சலில், செவிலியர் விழித்திருக்க, ஓரிரவு உறங்க வைத்தனர். அவ்விடத்தில் தறிகள் இல்லாமையால், அவர் மூச்சைத் தவிர ஒன்றும் நிற்கவில்லை. கருவி வரைந்த கோடுகளையும் சுமதி கொண்டுசென்ற கோட்டுச் சேலையையும் மருத்துவர் மேசையில் அடுத்தடுத்து விரித்தார், இரண்டும் ஒத்திருந்தன. அவர் வியப்படையவில்லை. மூக்கின் மேல் பொருத்தும் முகமூடியும், அதன் வழியே காற்றைச் சீராகச் செலுத்தி மூச்சுவழியை மூடவிடாமல் காக்கும் சிறு கருவியும் ஆய்வின் பொருட்டு இசக்கித்துரைக்கு வழங்கப்பட்டன. மாதாந்திர மின்தடை நாட்களுக்கு அவர் லாரியின் பேட்டரியிலிருந்து இணைப்புக் கொடுத்துக்கொண்டார். தெருவார் முதன்முறை அவரை முகமூடியுடன் கண்டபோது, “அண்ணாச்சி வெமானம் ஓட்டப் போறாருடோய்” என்று கேலி செய்தனர்.

கருவி வந்தபின் கோடுகள் குறைந்தன, பின்னர் மெலிந்தன, பின்னர் விழவில்லை. தறிகள் இடையறாது ஓடியும் அவர் மூச்சு நிற்கவில்லை. ஓராண்டில் அவரது ரத்த அழுத்தம் இறங்கியது. சர்க்கரை கட்டுக்குள் வந்தது. நெஞ்சின் துடிப்பு ஒழுங்குபட்டது. மருத்துவர் சொற்படி அதுவரை லாரி ஓட்டாதிருந்தவர், அவர் இசைந்தபின் மீண்டும் ஓட்டினார். ஆரியங்காவு இறக்கத்தில் அவர் கண் மூடவில்லை. ஆபிதா பானுவின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. தறிகளைப் பற்றிய பத்தி அதில் இடம் பெறவில்லை. பக்கம் போதவில்லை என்று காரணம் கூறப்பட்டது.

இறுதிப் பரிசோதனைக்கு வந்த நாளில் மருத்துவர், இசக்கித்துரையின் அளவுகளை எடுத்து முடித்தபின், அருகில் நின்ற சுமதியின் கையில் ரத்த அழுத்தக் கருவியைக் கட்டினார். கட்டியவர் அளவைக் கண்டு மறுமுறை கட்டிப் பார்த்தார்.

“அக்கா, நீங்க எப்பம் உறங்குவிய?”

சுமதி சிந்தித்தாள். இரவுகளை எண்ணிப் பார்த்தாள்; அவற்றில் கணவாய் இருந்தது. பகல்களை எண்ணிப் பார்த்தாள்; அவற்றில் சன்னல் இருந்தது. “உறங்கினதா நெனப்பு இல்லையே டாக்டரம்மா,” என்றாள். மருத்துவர் தம் ஆய்வில் உறங்குபவர்களிடம் பல நூறு வினாக்களைக் கேட்டிருந்தார். உறங்குபவரைக் காத்து விழித்திருப்பவரிடம் ஒரு வினாவும் கேட்டதில்லை. அவர் சுமதியின் கையை விடாமல், “இனி அவரு மூச்சு நிக்காது அக்கா. நான் சொல்லுதேன். கேட்டியளா? நிக்காது,” என்றார்.

அன்று மதியம் சுமதி வழக்கம்போல் தறிக்குச் சென்றாள். எதிர்வீட்டில் இசக்கித்துரை முகமூடியுடன் உறங்கினார். அவள் சன்னலின் பக்கம் காதைத் திருப்பினாள். பின்னர், பல ஆண்டுகளுக்குப்பின் முதன்முறையாக, திருப்பிய காதை எடுத்துக்கொண்டாள். தறியின் அருகில் அடுக்கியிருந்த சேலைக்கட்டின் மேல் தலையைச் சாய்த்தாள். அவள் கண் மூடிய கணத்தில் தெருவின் தறிகள் அனைத்தும் ஓசை இழந்தன.

அவை நிற்கவில்லை. நாடாக்கள் இடமும் வலமும் பறந்தன, துணி வளர்ந்தது, ஓசை மட்டும் இல்லை. தெரு முழுவதும் விழித்துக்கொண்டது. குழந்தைகள் தொட்டிலில் அழுதன. தாய்மார் அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தனர். துரைப்பாண்டி கம்பத்தில் ஏறி, பார்த்து, ஒன்றும் கூறாமல் இறங்கினார். மம்மது ஓடும் தறியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், அது அதிர்ந்தது. இசக்கித்துரை விழித்து, முகமூடியைக் கழற்றிவிட்டு, தெருவைக் கடந்து தறிக்கூடத்துக்குள் வந்தார். அவ்வமைதியில் தெருவில் விழிக்காதவள் சுமதி ஒருத்தியே.

“எழுப்பவா?” என்று மம்மது உதட்டசைவால் கேட்டார்.

“வேண்டாம் பாய். உறங்கட்டும். தறிய நான் பாத்துக்கிடுதேன்.”

அவருக்குத் தறி ஓட்டத் தெரியாது. எனினும் அவள் அருகில் தரையில் அமர்ந்து, அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அன்று புளியங்குடியில் எலுமிச்சை மூடைகள் அவருக்காகக் காத்திருந்தன. சேலையில் கோடு விழவில்லை.

இப்போது அத்தெருவில் தறிகள் நாள்தோறும் பிற்பகலில் ஓசையின்றி ஓடுகின்றன. குழந்தைகள் அதற்குப் பழகிவிட்டன; அழுவதில்லை. புதிதாக வரும் வியாபாரிகள் காரணம் வினவுவர். அது சுமதி உறங்கும் நேரம் என்று தெருவார் கூறுவர். கூறும்போது தாமும் குரலைத் தாழ்த்திக்கொள்வர்.